பின்னால் நடந்த பூனை

அப்பாவின் தறி அட்டைக் கொட்டகையில் அன்று நான் இருந்தேன், தம்பி மணி இருந்தான், லீவுக்கு வந்த அத்தை மகள் சுலோச்சனா இருந்தாள், வாரப் பத்திரிகைப் படக்கதையைப் பார்த்து நாங்கள் வரைந்த பூனை இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. பேரன் டிவியில் பூனைப் படம் போட்டால் எனக்கு அந்தப் பழைய அட்டை வாசம்தான் வருகிறது.

ஓர் அட்டைக்கு ஒரு பூனையாக, கால் கொஞ்சம் கொஞ்சமாக நகர வரைந்து, தறி அட்டை மாதிரியே கயிற்றில் கோத்து, சேலையில் பூ விழ அட்டையைச் சுற்றும் ஜக்கார்டின் உடைந்த உருளை ஒன்றில் மாட்டிச் சுற்றினோம். பூனை பின்னால் நடந்தது. அப்பா தறிக்குக் கோக்கிற பழக்கத்தில் கடைசி அட்டையிலிருந்து கோத்துவிட்டோம். உருளையோ ஒரு பக்கம்தான் சுற்றும்.

"இன்னாடி, உன் பூனை பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கிற மாரி போவுது!" என்று சுலோச்சனா சிரித்தாள். சாயங்காலம் அவளுக்கு ஊருக்கு பஸ்.

"இருடி. நடக்கவெச்சுக் காட்டிட்டுதான் உன்ன வுடுவேன்."

அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. மணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வந்தான், நான் முதலிலிருந்து கட்டிக்கொண்டே வந்தேன், விரல் தோல் உரிந்தது. சுலோச்சனா பையோடு வந்து நின்றபோது சுற்றினேன். பூனை முன்னால் நடந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இன்னொருவாட்டி சுத்துடி" என்றாள்.

அவிழ்த்துக் கட்டிய அட்டை எழுபத்திரண்டு.