கேட்காமல் எடுத்த பாட்டு

பெருவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்த மெமரி கார்டு. அதை மஞ்சள் துணியில் முடிந்து சுருக்குப்பையின் அடியில் வைத்திருக்கிறார் தா.பழூர் அக்கா. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரிடமிருந்து கேட்காமல் எடுத்தது போதும்.

சில வருஷங்களுக்கு முன்பும் இதே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் என் செல்போன் கடை. 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று வாசலில் போர்டு தொங்கும். இணையத்தில் திருட்டுத்தனமாகக் கிடைக்கும் பாட்டுகளை இறக்கி, வருகிறவர்களின் கார்டில் நிரப்பிக் கொடுப்பேன். இது தப்பில்லையா என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்காரனுக்கு நான் நாலு பாட்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்? நடவு நடுகிறவர்களும் பாட்டுக் கேட்க வேண்டாமா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று வள்ளலாகத் திரிந்த காலம் அது.

ஒருநாள் காலை அந்த அக்கா கடையேறி வந்தார். அதுவரை நான் பார்த்திராத முகம்.

"இழவு வூட்டுல போடுற பாட்டெல்லாம் நீதான் ஏத்திக் குடுக்குறியா தம்பி?"

"ஆமாங்க்கா. சூப்பரா இருக்கும், கேளுங்க" என்று பெருமையாகத் தட்டிவிட்டேன். 'ஒப்பாரி சூப்பர் ஹிட்' என்று யாரோ பெயர் வைத்திருந்த பாட்டு. "சுண்ணாம்பு லாரி ஏறிப் போன என் தம்பி" என்று குரல் எழுந்ததும் அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துப்பா. அது நான்தான்."

அவர் பாடகி இல்லை, வயல் வேலைக்குப் போகிறவர். அவருடைய தம்பி அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். விபத்தில் இறந்த தம்பியின் மேல் விழுந்து இவர் அழுததை யாரோ செல்போனில் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அது இவருக்குத் தெரியவே தெரியாது. முந்தின நாள் பாடாலூரில் உறவுக்காரக் கிழவியின் சாவுக்குப் போன இடத்தில், தன் குரல் மைக்செட்டில் அழுவதைக் கேட்டிருக்கிறார். மைக்செட்காரர் என் கடையைக் கைகாட்டியிருக்கிறார்.

"செத்தது எம்பது வயசுக் கெழவி. மைக்செட்டுல எந்தம்பி லாரி ஓட்டுறான். அங்கன உக்காந்திருந்த ஒருத்தருக்கும் வெளங்கல. அவனுக்குன்னு அழுதது தம்பி அது. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டீங்களே."

எனக்கு மட்டும் விளங்கியிருந்ததா? எத்தனையோ கார்டில் ஏற்றிய பாட்டை நான் ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. கேட்காமல் எடுத்தேன், எடுத்த பிறகும் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. "இப்பவே அழிச்சுடுறேங்க்கா" என்று கை வைத்தபோது அவரே தடுத்தார்.

"இரு. அன்னிக்கு அழுதத நான் எங்க போயித் திரும்ப அழுவேன்? எனக்கு ஒண்ணு ஏத்திக் குடுத்துட்டு அழி."

அப்படியே செய்தேன். மைக்செட்காரரிடம் போய் அவர் கார்டிலிருந்தும் அழிக்க வைத்தேன். மற்றபடி ஊருக்குள் போனது போனதுதான். அதைத் திரும்ப வாங்க என்னால் முடியவில்லை.

அன்று இறக்கிய போர்டை மறுபடி மாட்டவில்லை. உத்தமன் வேஷம் போடுகிறான் என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். கம்பெனிக்காரன் பணக்காரன் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடுக்கும்போது அது யாருடையது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவன், பிறகு ஏழை பணக்காரன் நியாயம் பேசக்கூடாது. இன்றும் யாராவது வந்து, "சும்மா ஒரே ஒரு பாட்டு இறக்கிக் குடுங்கண்ணே" என்பார்கள். மாட்டேன் என்பேன். கோபித்துக்கொண்டு போனாலும் மாட்டேன்தான்.

போன மாதம் அக்கா வந்தார். பழைய போன் கெட்டுவிட்டதாம். மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் கார்டை என் உள்ளங்கையில் வைத்தார். புதுப் போனில் போட்டு, பாட்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஓடவிட்டேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வையி தம்பி. நீ கேக்கலாம். நான் சொல்றேன்ல."

ரீசார்ஜுக்கு வந்தவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, முதல்முறையாக அதைக் கடைசிவரை கேட்டேன்.