மானிட்டரில் ஏற்றிய நீலம்

கலர்க்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தபால்காரர் ஒருவர்தான் நினைவில் வைத்திருந்தார். ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் நிறம் சரிசெய்வது அவர் வேலை. மண்டபத்து விளக்குகள் மணப்பெண்ணை ஆரஞ்சுப் பழமாக்கி அனுப்பும். இவர் அவளை மறுபடியும் மனுஷியாக்கி அனுப்புவார். அந்த விஷயத்தில் அவர் கண் தப்பியதே இல்லை என்று முதலாளியே சொல்வார். பாராட்டுவதில் முதலாளி மகா கஞ்சன்.

வீட்டில் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். அவள் துணி தைப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்க முகத்தையெல்லாம் நாள் பூரா பாக்குறீங்க. என் முகத்தைப் பாக்க மட்டும் ஞாயித்துக்கிழமை வரணும்" என்றாள் ஒருநாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொஞ்ச நாளாகவே அவளுக்கு உடம்பு அசதியாகவே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, கையெல்லாம் ஒரே அரிப்பு. கேட்டால் "புதுத் துணிக் கஞ்சி ஒத்துக்கல" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடுவாள். அன்றைக்குத்தான் கலர்க்காரர் முடிவெடுத்தார். கையைக் கடிக்காத விலையில் பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டரை நாமே பூட்டிக்கொள்வது, ஸ்டுடியோவை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்வது, அவள் பக்கத்திலேயே இருப்பது. அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பிராசஸரும் மெமரியும் கடையில் புதிதாகவே வாங்கினார். கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடிச் சலித்துப்போன ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. எல்லாவற்றையும் வைத்து மூடுகிற கேபினெட்டுக்கு ஒரு பக்கக் கதவு இல்லை. பார்ட்ஸ் கடைக்காரர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"பவர் சப்ளைல மட்டும் கணக்குப் பாக்காதீங்கண்ணே. அது போனா தனியா போகாது, மத்ததையும் கூட்டிட்டுத்தான் போகும்."

சரி என்று அதை நல்லதாக வாங்கிவிட்டு, அந்தச் செலவை மானிட்டரில் மிச்சம் பிடித்தார். மூடிப்போன ஏதோ அலுவலகத்துப் பழைய மானிட்டர். நிறம் பார்த்துச் சோறு தின்கிற மனிதர் எதில் கை வைக்கக் கூடாதோ அதிலேயே கை வைத்தார். அது அவருக்கே உறுத்தியதால் முதல் நாளிலிருந்தே அந்த மானிட்டர் மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

தையல் மேஜையில் பாதி கம்ப்யூட்டருக்குப் போனது. மதர்போர்டில் சொருக வேண்டிய பொடிப்பொடி ஒயர்கள் அவர் விரலுக்கு அடங்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிற கை, அவள்தான் ஒவ்வொன்றாகச் சொருகினாள். நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்துகொண்டாள். பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்ற, கலர்க்காரருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்தது நிறம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முகம் வேண்டும். மனைவியை ஜன்னல் ஓரம் வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, வெள்ளைக் காகிதத்தைக் காட்டி கேமராவைச் சரிபார்த்து, படம் எடுத்துத் திரையில் போட்டார். முகம் மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள்.

"ஏங்க, நான் இவ்ளோ மஞ்சளாவா இருக்கேன்?"

"நீ இல்ல, மானிட்டர். பழசு இல்லையா, மஞ்சள் அடிக்குது."

கேமராவில் தப்பில்லை, வெளிச்சத்தில் தப்பில்லை, மிச்சம் மானிட்டர்தானே. தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். "எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நிறம் உன் முகம்தான்" என்று சொல்லிக்கொண்டே மானிட்டரில் நீலத்தை ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கடைசியில் அவருக்குத் தெரிந்த அவள் திரையில் வந்துவிட்டாள். பின்னால் இருந்த சுவர் லேசாக நீலம் தட்டியது. பழைய சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அவள் அவர் தோளில் தட்டி, "இதான் நான்" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனாள்.

நேரில் பார்க்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். கட்டியவள் முகத்தை யார் நிறம் பிரித்துப் பார்க்கிறார்கள்? போதாக்குறைக்கு, நிறம் பார்க்கிற அறைக்கு வெயில் ஆகாது என்று ஜன்னலில் கறுப்புத் துணியை அடித்துவிட்டார். அந்த இருட்டில்தான் இருவரும் சந்தோஷமாக வேலை பார்த்தார்கள். இவர் படம் பார்க்க, அவள் சின்ன விளக்கடியில் தைத்தாள். நாள் முழுக்கப் பேச்சும் கிண்டலும்தான்.

முதல் ஆல்பம் அச்சாகிப் போன கையோடு, மணப்பெண்ணின் மாமா அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, எங்க ஆளுங்களையெல்லாம் எலுமிச்சம்பழச் சாத்துல முக்கி எடுத்தீங்களா?"

கலர்க்காரர் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். அத்தனை பேரும் மஞ்சள். பழைய மானிட்டர் காலை வாரிவிட்டது என்று அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பிரின்ட் போடும் லேபுக்குப் போனார். லேப்காரர் நிறம் அளக்கிற கருவியைத் திரையில் ஒட்டி, செட்டிங்கை எல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து அளந்தார்.

"மானிட்டர் சுத்தமா இருக்கு சார். நீலத்தைத்தான் கண்டபடி ஏத்தி வச்சிருக்கீங்க. திரையில எல்லாம் நீலமா தெரிஞ்சா, நீங்க மஞ்சளைச் சேர்க்கத்தான் செய்வீங்க. எதைப் பாத்து செட் பண்ணீங்க?"

"என் வீட்டுக்காரி முகத்தைப் பாத்து."

"அப்ப அவங்களுக்குத்தான் மஞ்சக்காமாலை" என்று லேப்காரர் சிரிக்க ஆரம்பித்து, எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கலர்க்காரர் மானிட்டரை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். ஜன்னல் துணியைப் பிய்த்து எறிந்தார். தைத்துக்கொண்டிருந்தவளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். கண் மஞ்சளாக இருந்தது. படத்தில் பார்த்ததைவிட மஞ்சள்.

ஆஸ்பத்திரியில், கணையத்தில் கட்டி என்றார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வெட்டி எடுக்க முடியாது என்றார்கள். டாக்டரம்மா அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இவ்வளவு மஞ்சளாகிற வரைக்கும் வீட்ல யாரும் கவனிக்கலையா?"

கலர்க்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர் காட்டிக்கல. அவருக்கு நிறம் தப்பாது."

டாக்டரம்மா போனபிறகு அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். மானிட்டர்னு நினைச்சு நான்தான் மாத்திட்டேன்."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடியே கண்ணாடியில பாத்தேங்க. மஞ்சளாத்தான் இருந்துச்சு. பயமா இருந்துச்சு. நீங்க மானிட்டர்னு சொன்னதும்தான் எனக்கு நிம்மதியா போச்சு."