ஒயில் பேணியைத் திறந்து பார்த்தீர்களா?

எங்கள் தொழிலில், கராஜ் வாசலில் வாகனத்தை விட்டு இறங்குகிற எவரும் சொல்லும் முதல் வசனம், "நேற்றுவரைக்கும் நல்லாத்தான் ஓடினது" என்பதுதான். நீங்களும் எங்கேயோ ஒரு வாசலில் நின்று அதைச் சொல்லியிருப்பீர்கள். ஆகவே என் கஷ்டம் உங்களுக்கும் உங்கள் கஷ்டம் எனக்கும் விளங்கும்.

என் கராஜ் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், சுன்னாகத்தில் இருக்கிறது. நான் இஞ்சின் வேலை. என்னோடு நிற்கிற குணம் வயரிங் வேலை. இறக்குமதித் தடையால் புது வாகனம் நாட்டுக்குள் வராமல் இருந்த காலத்தில் இருபது வயது வான்களையும் கார்களையும் சாகவிடாமல் ஓட்டவேண்டியிருந்தது. அப்போதுதான் ஒயில் பேணி பூட்டத் தொடங்கினேன். விஷயம் இவ்வளவுதான்: இஞ்சினுக்குள் சூட்டில் எழும்புகிற ஆவியை ஒரு குழாய் திரும்பவும் காற்று உள்ளே போகிற வழிக்கே அனுப்புகிறது. ஆவியோடு ஒயிலும் போகும். போய், புகைக்கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாயின் நடுவில் தேத்தண்ணிக் கோப்பை அளவில் ஒரு தகரப் பேணியைப் பூட்டினால் ஒயில் அதிலே தங்கிவிடும், ஆவி மட்டும் போகும். பேணி நிரம்ப முதல் கழற்றி ஒயிலை வெளியே ஊற்ற வேண்டும். இந்தக் கடைசி வசனத்தைத்தான் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

விரல் போகாத ஓட்டை

வரணியிலிருந்து செல்வராசா வானோடு வந்தபோது காலை பத்து மணி. வான் ஏற்றத்தில் இழுக்கவில்லை, கறுப்பாகப் புகைத்தது. இன்னொரு இடத்தில் டீசல் பம்பை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். அவருடைய வான் சாதாரணமாக வாடகைக்கு ஓடுகிற ஹயர் வான் அல்ல. கிழமைக்கு மூன்று நாள், சிறுநீரகம் பழுதான ஐந்து பேரை இரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். அடுத்த ஓட்டம் மறுநாள் விடிய.

பம்பைத் தொடாமல் முதலில் காற்றுப் போகிற குழாயைக் கழற்றினேன். மூன்று விரல் போகவேண்டிய வாயில் என் சின்னவிரல் போகவில்லை. உள்ளே அவ்வளவு தார். சுரண்டி, ஊறவைத்து, திரும்பச் சுரண்டி முடிய மூன்று மணியாகிவிட்டது. பூட்டப் போனால், காற்று ஒழுகாமல் இடையில் வைக்கிற பக்கிங் கிழிந்து போயிருந்தது. சுன்னாகத்திலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. பக்கிங் பேப்பரில் கோடு கீறி நானே வெட்டத் தொடங்கினேன். ஒரு ஓட்டை பிசகினாலும் காற்று ஒழுகும். அந்த நேரம் பார்த்து செல்வராசாவின் போன் அடித்தது; அந்த ஐந்து பேரில் ஒருவர். "ஓம் அக்கா, நாளைக்கு வழமை போலை வருவன்" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டையையும் இரண்டு தரம் அளந்துதான் வெட்டினேன்.

ஐந்தரைக்கு ஸ்ராட் பண்ணினோம். முற்றம் முழுக்கப் புகை. பிறகு புகை மெலிந்தது, சத்தம் சீரானது. நான் பேணியைப் பூட்டி, அது என்ன செய்யும் என்று விளங்கப்படுத்தினேன். செல்வராசா பேணியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அண்ணை, அந்த ஐஞ்சு பேருக்கும் ஆஸ்பத்திரியிலை செய்யிறதைத்தான் நீங்கள் என்ரை வானுக்குச் செய்து விட்டிருக்கிறியள்."

ஜாம் போத்தலில் பால்தேத்தண்ணி

நல்லூரில் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் சின்னக் கார் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ரியூசன் சென்ரர், அங்கிருந்து வீடு, அவ்வளவுதான் ஓட்டம். நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். ஞாயிறு தவறாமல் பேணியைத் திறப்பார். மார்கழியில் ஒருநாள் மழையோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். என் மேசையில் ஒரு ஜாம் போத்தலை வைத்தார். உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில், நுரையோடு ஏதோ இருந்தது. பேணிக்குள் இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, இஞ்சின் தலைக்குள் தண்ணி இறங்கிவிட்டது, முழுதாகக் கழற்றவேண்டும், இனி ஸ்ராட் பண்ணவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒயிலும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம்தான். அந்த மனிதர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ரீச்சரோடு வீட்டுக்குப் போய் ரேடியேற்றரைத் திறந்தேன். தண்ணீர் குறையவில்லை. ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துத் துடைத்தேன். சுத்தமான ஒயில். இஞ்சினை ஓடவிட்டு ரேடியேற்றர் வாயில் குமிழி வருகிறதா என்று அரை மணித்தியாலம் குனிந்துகொண்டு நின்றேன். குடை பிடித்தபடி ரீச்சரும் நின்றார். குமிழி வரவில்லை. மழைக்குளிரில் கிட்டக் கிட்ட ஓடியதால் இஞ்சின் வடிவாகச் சூடேறவில்லை. உள்ளே வேர்த்த தண்ணீர் பேணிக்கு வந்திருக்கிறது. அது இஞ்சினுக்குள்ளே தங்கியிருந்தால்தான் பிழை.

கிழமைக்கு ஒருக்கா பருத்தித்துறை வரைக்கும் ஓடிவிட்டு வாருங்கள், காய்ந்துவிடும் என்றேன். ரீச்சர் குடையை மடக்கினார். "கணக்கிலை விடை சரியெண்டாலும் வழி காட்டாட்டி நான் புள்ளி போடமாட்டன், நீங்கள் வழி காட்டினபடியால் நம்புறன்" என்றார்.

மிச்ச நார் எங்கே?

ஏழாலையில் வெங்காயத் தோட்டம் செய்கிற சிவபாலன் தன் சின்ன லொறிக்குத் தானே பேணி செய்து பூட்டியிருந்தார். பால்மா வருகிற தகர ரின், இரண்டு பைப், உள்ளே ஒயிலைப் பிடிக்கச் சட்டி தேய்க்கிற கம்பி நார். வெங்காயம் இறக்கிவிட்டுப் போகிற வழியில், என் வாயால் ஒரு பாராட்டு வாங்குவோம் என்று மனைவியோடு வந்தார். வேலை உண்மையில் நல்ல வேலைதான். மூடியைத் திறந்தேன். "எவ்வளவு நார் வைச்சனீங்கள்?" என்று கேட்டேன். "ஒரு முழு உருண்டை" என்றார். உள்ளே கால் உருண்டைதான் இருந்தது.

"மிச்ச நார் எங்கை?" என்று நான் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. காற்று இழுக்கிற வேகத்தில் நார் பிய்ந்து இஞ்சின் பக்கம் போயிருக்கிறது. வால்வுக்குள் ஒரு கம்பி போய்ச் சிக்கினால் போதும், இஞ்சின் முடிந்தது. சாவியை வாங்கி என் சேட்டுப் பைக்குள் போட்டேன். குழாயைக் கழற்றி, லைற் அடித்து, சின்னக் குறட்டால் ஒவ்வொரு இழையாக இழுத்தேன். குணம் அதை வெள்ளைக் கடுதாசியில் அடுக்கிக்கொண்டு வந்தார். சிவபாலன் பக்கத்தில் குந்தியிருந்து, "இன்னும் இருக்கோ, இன்னும் இருக்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லகாலம், பழைய தார் அந்தக் குழாயின் வளைவில் ஒரு அங்குலம் படிந்திருந்தது. நார் முழுவதும் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எந்தத் தாரை நான் எல்லா வாகனத்திலும் திட்டிக்கொண்டு சுரண்டுகிறேனோ, அதுதான் அந்த லொறியைக் காப்பாற்றியது.

கடுதாசியில் முக்கால் உருண்டை சேர்ந்ததும் சிவபாலனுக்கு மூச்சு வந்தது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த மனைவி கிட்ட வந்து பார்த்தார். "உது என்ரை நார் எல்லே! எலி கொண்டுபோட்டுது எண்டு நான் குசினிக்குள்ளை பொறி வைச்சிருக்கிறன்."

சாவியைக் கழற்றிய பிறகும்

இனிச் சொல்லப்போவது என் பிழை. தொண்டைமானாற்றில் அண்ணன் தம்பி இரண்டு பேர் மீன் ஏற்றுகிற டீசல் வான் ஒன்று வைத்திருந்தார்கள். அண்ணன் வந்தபோது பேணி பூட்டிக் கொடுத்து, மாதம் ஒருமுறை கழற்றி வெளியே ஊற்றச் சொன்னேன். சில மாதம் கழித்து தம்பி, மோகன், போன் எடுத்தார். பின்னால் நீலப் புகை வருகிறதாம். காலை ஒன்பது மணிக்குப் போனேன். வான் மீன் விற்கிற இடத்திலேயே நின்றது. முன்னால் ஐஸ் பெட்டிகள், விரித்துப் போட்ட மீன், பேரம் பேசுகிற சனம்.

நான் பொனற் மூடியைத் தூக்கிப் பேணியில் கை வைக்க முதல், புகையை எனக்குக் காட்டவேண்டும் என்று மோகன் ஸ்ராட் பண்ணி அக்சிலேற்றரை ஒரே அமத்தாக அமத்தினார். பேணி விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதிலிருந்த ஒயில் அப்படியே இஞ்சினுக்குள் இழுபட்டது. டீசல் இஞ்சினுக்கு ஒயிலும் எரிபொருள்தான். வான் கத்தத் தொடங்கியது. "நிப்பாட்டு!" என்று குழறினேன். மோகன் சாவியைக் கழற்றி, கண்ணாடிக்கு உள்ளிருந்து எனக்குத் தூக்கிக் காட்டினார். இஞ்சின் நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறியது. வெள்ளைப் புகைக்குள் சனம் செருப்பை விட்டுவிட்டு ஓடியது. கியரில் போட்டுத் திணறவைக்கலாம். ஆனால் பாய்ந்தால் முன்னால் இருக்கிற ஆட்கள் மேல்தான் பாயும். மோகன் கதவைத் திறக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாவியைப் பிடித்த கை மேலேயே நின்றது.

காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்தேன். கிளிப் என் உள்ளங்கையைக் கிழித்தது. குழாய் கழன்றதும் அந்த வாய் என் சேட்டின் முன்பக்கத்தை இழுத்தது. கையால் மூடினால் கை போய்விடும், துணியை வைத்தால் துணி உள்ளே போய்விடும். சுற்றிப் பார்த்தேன். ஓடாமல் நின்ற ஒரே ஒருவர், மீன் வெட்டுகிற அம்மா. அவருக்கு முன்னால் பலகை இருந்தது. கேட்காமலே தூக்கினேன். செதிலும் இரத்தமுமாக இருந்த பலகையை அந்த வாயில் வைத்து நெஞ்சால் அமத்தினேன். இஞ்சின் இரண்டு தரம் உலுக்கியது, பிறகு நின்றது.

கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை. மோகன் இறங்கி வந்து, "அண்ணை, உதுக்குள்ளை ஊத்திற சாமான் ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது" என்றார். அண்ணனுக்குத்தான் சொன்னேன், வாகனத்தை ஓட்டுவது இரண்டு பேர் என்று தெரிந்தும் மற்றவருக்குச் சொல்லவில்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் கெட்டித்தனம் அல்ல. ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் குந்தினேன். மீன் வெட்டுகிற அம்மா வந்து என் கையில் வடிந்த இரத்தத்தைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். "காயத்துக்கு மருந்து கட்டிப்போட்டு, பலகையை வடிவாய்க் கழுவித் தந்திட்டுப் போ தம்பி, நான் இனி உதிலைதான் மீன் வெட்டோணும்" என்றார்.

சுபநேரம் எட்டு இருபது

அன்று பின்னேரமே குணமும் நானும் இருந்து, பேணி பூட்டிய எல்லாருடைய பெயரையும் எழுதினோம். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, திறந்து பார்க்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப நீர் பூட்டினது பிழையோ?" என்று ஏசினார். மானிப்பாயில் இருக்கிற கனகசபை ஐயா மட்டும் போனே எடுக்கவில்லை. மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நான் பேணி பூட்டிய வான் நிற்கிறது, மேலே சூட்கேஸ் கட்டுகிறார்கள். மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். கொழும்பு, அங்கிருந்து விமானம். வீட்டை விட்டு வெளிக்கிட சுபநேரம் எட்டு இருபது. அப்போது எட்டு ஐந்து.

"பிறகு வாரும் தம்பி" என்றார். ஐந்து நிமிடம் என்று கெஞ்சி பொனற்றைத் திறந்தேன். பேணியில் ஒயிலே இல்லை. அது எனக்குச் சந்தோசமாக இல்லை, பயமாக இருந்தது. குழாயைத் தடவிக்கொண்டு போனால், யாரோ புதுப் பற்றரி வைக்கும்போது அது இருக்கிற தட்டை இழுத்து முறுக்கி, குழாய் அதன் கீழே நசிந்து கிடக்கிறது. ஆவி வெளியே வர வழி இல்லை. இஞ்சினை ஓடவிட்டேன். உள்ளே அடைபட்ட ஆவி தள்ள, ஒயில் அளக்கிற கம்பி தானாக மேலே எழும்பியது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினால் இஞ்சினுக்குள் ஒயிலை அடைத்து வைத்திருக்கிற ஏதாவதொரு றப்பர் சீல் வெடித்து ஒயில் முழுக்க றோட்டில் போய்விடும். அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பகுதியில் நடந்தால் விமானமும் போய்விடும்.

சொன்னேன். ஐயா நம்பவில்லை. "நல்ல நேரத்திலை வந்து மறிக்கிறீர்" என்று சத்தம் போட்டார். நான் வானுக்கு முன்னால் நின்றேன். வேறு என்ன செய்வது? ஏறியிருந்த மகள்தான் இறங்கி வந்தாள். எழும்பி நின்ற கம்பியைப் பார்த்தாள். "அப்பா, அவர் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, சூட்கேஸ் ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் இருந்தாள். புதுக் குழாய் வெட்டி, வேறு வழியால் கொண்டுபோய்ப் பூட்ட நாற்பது நிமிடம் சென்றது. எட்டு இருபது போய்விட்டது. ஐயா என் முகத்தைப் பார்க்காமலே ஏறிப் போனார். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே மேசையில் வைத்திருந்தேன். ஒரு மணிபோல போன் அடித்தது. கனகசபை ஐயாதான். "வவுனியா தாண்டிச் சாப்பிட நிப்பாட்டினனாங்கள், கம்பி இருந்த இடத்திலைதான் இருக்குது, நீரும் போய்ச் சாப்பிடும்" என்றார்.

இப்போது நான் பூட்டுகிற ஒவ்வொரு பேணியிலும் வெள்ளைப் பெயின்றால் "மாதம் ஒருமுறை திற" என்று எழுதிவிடுகிறேன். போன கிழமை ஒருவர் வந்து பொனற்றைத் தூக்கி, அந்த எழுத்தை அழித்துவிட்டால் பேணி இன்னும் வடிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.