பொம்மைக்குக் கொடுத்த ஸ்டூல்

ஒரு நாள் காலையில் எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடி போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து நான் ஒரு மெஷினுக்காக அழுதேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் இதற்குப் பிறகு வருவதில்தான்.

அந்த மெஷின் வரும் தொடரைப் போனில் போட்டுக் கொடுத்தது என் மகள். திருச்சியில் படிக்கிறாள். "பஸ்ஸுல சும்மா வெளியவே பாத்துக்கிட்டுப் போறீங்கப்பா. இதப் பாருங்க, தமிழ்லயே பேசுவாங்க" என்றாள். வெளிநாட்டுக் கதை. ஒரு வசதியான வீடு. அங்கே வேலைக்கு ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் மெஷின் என்று யாரும் சொல்ல முடியாது. தோல், முடி, கண் இமை எல்லாம் பெண்ணுக்கு இருப்பது போலவே. சமைக்கும், துணி மடிக்கும், குழந்தைக்குக் கதை சொல்லும். வேலை முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும். படுக்காது, உட்காராது. மறுபடி யாராவது கூப்பிடும் வரை நிற்கும்.

எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடிக்கு ஒரு மணி நேரம். போகும்போது ஒரு பாகம், வரும்போது ஒரு பாகம் பார்ப்பேன்.

அன்று பார்த்த பாகத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கொதிக்கிற எண்ணெய் அந்த மெஷினின் கையில் கொட்டிவிட்டது. "வலிக்கிறது" என்றது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டு அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. மெஷின் செய்தவர்களின் ஆளைக் கூப்பிட்டாள். அவன் வந்து, "அதுக்கு வலிக்காதும்மா. மனுஷங்க மாதிரி இருக்கட்டும்னு அப்படிச் சொல்ல வச்சிருக்கோம். வேண்டாம்னா எடுத்துடலாம்" என்றான். காதுக்குப் பின்னால் எங்கோ அழுத்தி எடுத்துவிட்டான். மறுநாள் காலை அது அதே கையால் அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கியது. தோல் கருகியது. ஒன்றும் சொல்லவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடிக்கொண்டது.

எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்தபடி பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார்கள். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரல் அடிக்குதுன்னா ஷட்டரை இறக்கிவிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஜவுளிக்கடையில். ஐந்தாவது முடித்ததும் சேலை மடிக்க வந்தவன். இப்போது தரைத்தளத்தில் சேலைப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. எனக்குக் கீழே ஏழு பெண்கள். பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் கண் தானாகக் கவுண்டரில் கிடக்கும் சேலைக்குப் போய்விடும். சேலையிடம்தான் பேசுவேன். "அவர் தலை நிமிர்ந்து பாக்க மாட்டாரு, தங்கமான மனுஷன்" என்று கடையில் சொல்வார்கள். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை நிற்கிற வேலை. காலையில் சாம்பிராணி போட்ட பிறகு நின்றால், மதியம் சாப்பிட மாடி குடோனுக்குப் போகும்போதுதான் உட்காரலாம். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஆறு வாங்கிப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வாங்கிக் குடுத்தாச்சு. ஆனா நாம உட்காந்திருந்தா வர்றவன் அப்படியே திரும்பிப் போயிடுவான். நீ பாத்துக்கப்பா" என்றார். நான் பார்த்துக்கொண்டேன். ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குடோனில் வைத்தேன்.

அதில் ஒன்றை மட்டும் பிறகு எடுத்து வந்தேன். வாசலில் பட்டுச்சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைக்கு அடியில் இருக்கும் கம்பி உடைந்துவிட்டது. ஸ்டூலைப் பின்னால் வைத்து, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி, கொசுவத்தை விரித்து மறைத்துவிட்டேன். கீழே விழுந்து மூக்கு உடையக் கூடாதே என்று இரண்டு சுற்று கூடவே கட்டினேன்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி, நாற்பத்தைந்து வயதிருக்கும், நடவு வேலையிலிருந்து கடைக்கு வந்தவள். ஒரத்தநாட்டுப் பக்கம் வீடு. புருஷன் குத்தகைக்கு நிலம் பார்க்கிறார். சேர்ந்த புதிதில், "சேத்துல குனிஞ்சு நின்னவளுக்கு ஃபேனுக்குக் கீழ நிமிந்து நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாண்ணே" என்று சிரித்தாள். நாலு வருஷத்தில் அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கணுக்காலுக்கு மேல் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்துகொள்ள ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

பஸ்ஸில் அழுததற்கு முதல் நாள் மதியம், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, கால் நரம்பு தெறிக்குது. பத்து நிமிஷம் உட்காந்துக்கவா?"

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குறுவை அறுத்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு சேலையின் முந்தானையை மடித்துக்கொண்டே, சிரித்த முகமாக, மெதுவாகத்தான் சொன்னேன்.

"நடிக்காதம்மா. சீசன் நேரம்."

அதட்டிச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். நான் மெதுவாகச் சொன்னதால் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். நான் அதோடு மறந்துவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் ஒரு பாகம் பார்த்தேன். மறுநாள் காலை அழுதேன்.

அன்று மதியம் குடோனில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேஷியர் என் கண்ணைப் பார்த்துவிட்டார். என்னைவிடச் சின்னவர், வாய் கொஞ்சம் நீளம்.

"என்னண்ணே கண்ணெல்லாம் செவந்திருக்கு? வீட்டுல அண்ணி பூரிக்கட்டைய எடுத்துட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் தொடரைப் பற்றிச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் முழுவதையும் சொல்லிவிட்டேன். எண்ணெய், விருந்தாளி, காதுக்குப் பின்னால் அழுத்தியது, கருகின கை. அவ்வளவு நீளமாக நான் அந்தக் குடோனில் பேசியதே இல்லை.

"அது ஒயரும் பேட்டரியும்ண்ணே" என்றார் கேஷியர். "அதுக்கு வலிக்கும்னா எங்க ஊட்டு பம்புசெட்டுக்கும் வலிக்கணும். போன வாரம் காயில் எரிஞ்சு போச்சு. அழுவவா செஞ்சுது?"

"பம்புசெட்டு வலிக்குதுன்னு சொல்லலியே. இது சொன்னுச்சே."

"சொல்லச் சொல்லி வச்சிருக்கான், சொல்லுது. நம்ம பஸ் ஸ்டாண்டு எடை மெஷின்கூடத்தான் பொம்பளக் குரல்ல பேசுது. அதுக்குப் போயி மாப்பிள்ள பாப்பீங்களா?"

மறுபடி சிரிப்பு. வழக்கமாக இந்த இடத்தில் நான் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். அன்று விடவில்லை.

"நமக்கும் யாரோ சொல்லிக் குடுத்ததுதானப்பா. புள்ள விழுந்தா, வலிக்குதா வலிக்குதான்னு நாம கேட்டுக் கேட்டுத்தான் அதுக்கு வலின்னு சொல்ல வருது. உள்ள போயி யாரு பாக்குறது? ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா நம்ம வேலை நம்புறதுதான். நடிக்குதோ நிஜமோ, அதச் சோதிச்சுப் பாக்க நாம யாரு?"

சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் அவள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த மெஷினா நடிக்கிறது ஒரு பொம்பளதானேண்ணே?"

"ஆமாம்மா. நடிகைதான்."

"மாடிப்படிக்குக் கீழ நிக்குதுன்னீங்களே, அதும் அவதான் நின்னிருப்பா?"

"ஆமா."

"ஆடாம அசையாம நிக்கணும்ல, பாவம். திரும்பத் திரும்ப எடுப்பாங்களாம். அவளுக்குக் கால் வலிச்சிருக்கும்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவ சொன்னா நம்பியிருப்பீங்க. நேத்து நான் சொன்னப்ப நடிக்காதன்னுட்டீங்களேண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. குறை சொல்வது போலக்கூட இல்லை. கேஷியர் மட்டும், "மாட்டுனீங்களா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் தலை குனிந்தேன். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கத்தான் குனிந்தேன். அப்படிக் குனிந்ததில் அவள் கால் தெரிந்தது. பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கணுக்காலில் கட்டியிருந்தாள். துணியில் மஞ்சளாக நீர் ஊறியிருந்தது.

மறுநாள் குடோனிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் நிற்கிற கவுண்டருக்குப் பின்னால் வைத்தேன். "கூட்டம் இல்லாதப்ப உட்காந்துக்கம்மா" என்று கவுண்டரைப் பார்த்துச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பில் போடும் இடத்தில் போன் அடித்தது. முதலாளி மாடி அறையில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க யாருப்பா ஸ்டூல் போட்டது?"

நான் போட்டேன், அவளுக்குக் கால் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முதலாளி கெட்டவர் இல்லை. திட்டியிருப்பார், அவ்வளவுதான். என் வாயில் வந்தது வேறு.

"பொம்மைக்கு மொதலாளி. கவுண்டர் பக்கமும் ஒண்ணு நிறுத்தலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

அவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். நான் போனை வைப்பதற்குள் எழுந்துவிட்டாள். ஓரத்தில் நின்ற ஒரு பொம்மையை இடுப்போடு தூக்கி வந்து ஸ்டூலில் சாய்த்து நிறுத்தினாள். நான் வாசலில் கட்டியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கயிறு எடுத்து வந்தாள்.

"இடுப்புல ரெண்டு சுத்தாண்ணே?"

"ஆமாம்மா" என்றேன்.

தீபாவளிக்கு முதல் நாள் வரை நின்றாள். அதற்குப் பிறகு வரவில்லை. நடக்க முடியவில்லையாம் என்று கேஷியர் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் தப்பிக்க நினைத்த இடத்திலெல்லாம் அந்தக் கூச்சம்தான் வந்து உதவியிருக்கிறது.

தொடரை அதோடு விட்டுவிட்டேன். மகள் போனில் கேட்டாள். "முடிச்சிட்டீங்களாப்பா? கடைசி பாகத்துலதான் அதுக்கு நிஜமாவே வலிக்குமா வலிக்காதான்னு வரும்."

"இன்னும் பாக்கலம்மா" என்றேன். அந்தப் பதில் எனக்குத் தேவைப்படவில்லை. நான் போனை வைப்பதற்குள் ஒருத்தி எழுந்து நின்றதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில், சம்பா அறுவடை முடிந்த பிறகு, அவள் கடைக்கு வந்தாள். மகளுக்கு வளைகாப்பாம், சேலை எடுக்க வந்திருந்தாள். வாங்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எதிரே நின்று ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன்.

"கால் எப்படிம்மா இருக்கு?" சேலையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"புண்ணு ஆறிடுச்சுண்ணே. நரம்பு அப்படியேதான் இருக்கு. பெரியாஸ்பத்திரில நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. இனிமே நடவுக்கும் போக முடியாது." ஒரு சேலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "உங்க முட்டி எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. ஒண்ணும் இல்லம்மா."

"நடிக்காதீங்கண்ணே" என்று சிரித்தாள். "மேல் தட்டுக்கு ஏறி எடுக்கும்போது பல்லக் கடிச்சுக்குவீங்க. நாலு வருஷமாப் பாத்திருக்கேன்ல."

அவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். முட்டி வலியை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அது வலி என்றே நினைத்ததில்லை, வேலை என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு போன்ல மொதலாளிகிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்கண்ணே. மேல் தட்டுல அந்த மாம்பழக் கலரை எடுங்க, அது எடுப்பா இருக்கு."

எடுத்தேன். பல்லைக் கடிக்காமல் எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பையை வாங்கிக்கொண்டு போகும்போது வாசல் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று, நழுவியிருந்த அதன் முந்தானையை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனாள்.

அன்றே கவுண்டர் பொம்மையின் கயிற்றை அவிழ்த்து, அதைக் குடோனில் படுக்க வைத்தேன். ஸ்டூலை அங்கேயே விட்டேன். போன் அடித்தது.

"என்னப்பா, பொம்மை எங்க?"

"எடுத்துட்டேன் மொதலாளி. ஸ்டூலு இங்க நிக்கிறவங்க உட்காரத்தான்."

"சரி, பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அவள் இடத்தில் இப்போது வேறு ஒரு பெண் நிற்கிறாள். ஸ்டூல் பின்னாலேயே இருக்கிறது, ஆனால் அவளாக உட்காருவதில்லை. கூட்டம் குறைந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். கண் என்னை அறியாமல் சேலைக்குப் போகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்த்து, "உட்காரும்மா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூசுகிறது.