கேட்காத கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில்

டேட்டாபேஸ் பார்க்கிறவன் தப்பு செய்ய ஒரே ஒரு வரி போதும். அதைச் சரிசெய்யத்தான் நாள்கணக்காகும். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, சிதம்பரத்தில் அதற்கு ஒரு கிளை. இரண்டிலும் வந்துபோகும் நோயாளிகளின் விவரத்துக்கு நான்தான் காவல். மேனேஜர் என் மனைவியின் தம்பி. அவன் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதை அவனும் மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களாவது பிழைத்துப் போங்கள்.

எல்லாரும் ஒரே ஊர்

சிதம்பரம் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். மகன் வீட்டோடு போய்விட்டாராம், பதிவில் ஊரை மேல்பட்டாம்பாக்கம் என்று மாற்ற வேண்டுமாம். கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு எனக்கு. எந்த ஆளுக்கு மாற்ற வேண்டும் என்ற கண்டிஷனைப் போடாமலே மாற்றும் கட்டளையான அப்டேட்டை ஓட்டிவிட்டேன். பதிவில் இருந்த அத்தனை பேரும் மேல்பட்டாம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

முந்தின நாள் பேக்கப் என் மானத்தைக் காப்பாற்றியது. அன்று காலை வந்தவர்களை மட்டும் சீட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அதிலிருந்து ஒரு பழக்கம். மாற்றப்போகிற கண்டிஷனை முதலில், எதையும் மாற்றாமல் எடுத்துக்காட்டும் செலக்டில் போட்டு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். பிறகு டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுத்தான் கை வைப்பேன். எண்ணிக்கை உதைத்தால் ரோல்பேக், அதற்குள் செய்ததெல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனாலும் கவுண்டரில் உட்காரும் செல்வி அன்றைக்குக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏன் சார், அவ்ளோ பேருக்கு மேல்பட்டாம்பாக்கத்துல வூடு கெடைக்குமா?”

பத்து மணிக் கூட்டம்

கவுண்டரில் பெயரைத் தட்டினால், பதில் வருவதற்குள் வரிசையில் நிற்பவர் நாலு தடவை இருமிவிடுவார். பெயரின் நடுவில் எங்கே வந்தாலும் தேடு என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அப்படித் தேடினால், அகராதி வரிசைபோல் வழிகாட்டும் இண்டெக்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை, பதிவுகள் இருக்கும் டேபிள் முழுக்கத் துழாவும். போன் நம்பருக்கு இண்டெக்ஸ் போட்டு, அதைக் கொண்டு தேடும்படி மாற்றினேன். தட்டியதும் வந்தது.

அந்த வேலையில்தான் கவனித்தேன்: ‘மருந்து ஒவ்வாமை’ என்ற கட்டம் பாதிப் பேருக்குக் காலி. எந்த மருந்து ஒத்துக்காது என்று எழுத வேண்டிய இடம். இதைக்கூட நிரப்ப மாட்டாயா என்று செல்விமேல் எரிந்து விழுந்தேன். அவள் நிமிரக்கூட இல்லை. “கூட்டத்துல எல்லாரையும் கேக்க முடியல சார். கேக்காதவங்களுக்குக் காலியா வுட்டுருக்கேன். கேக்காமலே இல்லன்னு போடச் சொல்றீங்களா?”

ஒரு நிமிஷ வேலை

தர ஆய்வுக்கு ஆள் வருவதாகச் செய்தி வந்தது. மச்சானுக்கு ரிப்போர்ட்டில் காலிக் கட்டங்கள் கண்ணை உறுத்தின. எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று போட்டுவிடச் சொன்னான். காலி என்றால் தெரியாது என்று அர்த்தம், இல்லை என்றால் கேட்டாயிற்று என்று அர்த்தம், இரண்டையும் கலக்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, அக்கா கையால் காபி வாங்கிக் குடித்தபடி மறுபடியும் கேட்டான். அக்கா என்னைப் பார்த்தாள்.

மறுநாள் ஓட்டினேன். இந்த முறை ஒரு குறையும் இல்லை. செலக்ட் போட்டேன், எண்ணிப் பார்த்தேன், டிரான்சாக்ஷனைத் திறந்தேன், கணக்கு சரியாக இருந்ததும் கமிட் கொடுத்து உறுதியாக்கினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. மச்சான் என் தோளில் தட்டினான். “பாத்தீங்களா மாமா, ஒரு நிமிசங்கூட ஆவல. இதுக்குப் போயி எவ்ளோ பேச்சு.”

பைக்குள் இருந்த சீட்டு

கிள்ளைப் பக்கத்திலிருந்து குப்புசாமி என்ற மீனவரைக் கொண்டுவந்தார்கள். வலை உதறும்போது கெளுத்தி முள் காலில் ஏறி, புண் சீழ் பிடித்திருந்தது. முன்பு காய்ச்சலுக்கு வந்தவர், பதிவு இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் நர்ஸ் கட்டாயம் வாய்விட்டுக் கேட்பார். அன்றைக்குத் திரையில் ‘இல்லை’ என்று பளிச்சென்று இருந்தது. ஊசி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாலு நாள் தீவிரப் பிரிவில் வைத்துத்தான் உயிரை மீட்டார்கள். மூன்றாம் நாள் போனேன். அவர் மனைவி அஞ்சலை கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது; சொல்லும் தைரியம் எனக்கில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த, மடித்து மடித்துக் கிழிந்த சீட்டை எடுத்துக் காட்டினார். இந்த ஊசி போடக் கூடாது என்று அதில் இருந்தது. “பையிலயே வச்சிருந்தேன் சார். யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன்.”

யார் ஓட்டிய வரி

பழைய பேக்கப்பைத் தனி இடத்தில் திறந்து, யாருக்கெல்லாம் காலி என்று பார்த்து மாற்றலாம் என நினைத்தேன். பேக்கப் ஏழு நாளுக்குமேல் தங்காது, நான் ஓட்டி அதற்கும் மேலாகியிருந்தது. கை வைக்கும் முன் அந்த டேபிளை ஒரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் செய்யவில்லை. கேட்டு எழுதிய ‘இல்லை’ எது, நான் திணித்த ‘இல்லை’ எது என்று பிரிக்க வழியில்லை. எல்லா ‘இல்லை’யையும் காலியாக்கினேன். செல்வி முதல் ஆளிலிருந்து திரும்பக் கேட்க ஆரம்பித்தாள்.

விசாரணைக்கு மச்சான் ஒரு அறிக்கை தயார் செய்தான். அதில் நர்ஸின் கவனக்குறைவு என்று இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நர்ஸம்மா அழுத அழுகையைப் பார்த்தவன் நான். அந்த வரியை ஓட்டியது நான், ஓட்டச் சொன்னது மேனேஜர் என்று எழுதி, என் பெயரும் நேரமும் பதிவான லாகையும் சேர்த்து மேலிடத்தில் கொடுத்தேன். நர்ஸுக்கு வேலை நிலைத்தது, எனக்குப் போனது. வேலைநீக்கக் கடிதத்தை நீட்டும்போது மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க மாமா.”

இப்போது வேலைக்கு மனு போடும் இடத்திலெல்லாம் ‘முந்தைய வேலையை விட்ட காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன். காரணம் இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் கேட்கவில்லை.