குறட்டைக்கு நடுவே வந்த அமைதி

போன வருடம், மழை ஓய்ந்த சமயம் நடந்தது இது. பல்லேபொலைப் பக்கம் எங்கள் வீடு. என் கணவர் அங்கிருந்து மாத்தளைக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். எங்கள் மகளும் அதே வேனில்தான் போவாள்.

படுக்கையிலும் போனைக் கீழே வைக்க மாட்டார். கண் செருகும்வரை ஏதாவது வீடியோ ஓடும், பிறகு குறட்டை. பகலெல்லாம் கொட்டாவி. சோற்றுத் தட்டின் முன்னால்கூடத் தூங்கி விழுவார். "எல்லாம் இந்தப் பாழாப்போன போன்தான்" என்று நான் கத்தாத நாளில்லை. கொஞ்ச நாள், இரவானதும் அதைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் ஒளித்தும் வைத்தேன். சீக்கிரம் தூங்கினார், கொட்டாவி மட்டும் குறையவில்லை. எனக்குத் தெரியாமல் எடுத்துப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவரின் குறட்டையை அவர் போனிலேயே பதிவுசெய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கேலி செய்து தள்ளினார்கள். என் தங்கை மட்டும் எனக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"அக்கா, நடுவுல நடுவுல சத்தமே இல்லையே. நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தியா?"

நான் நிறுத்தவே இல்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். குறட்டை ஏறுகிறது, பட்டென்று நிற்கிறது. மூச்சே இல்லை. பிறகு, தண்ணீரில் மூழ்கியவர் தலையைத் தூக்குவதுபோல ஒரு திணறல். பக்கத்திலேயே படுத்தும் இது என் காதில் விழுந்ததில்லை. தலையணையால் காதை அடைத்துக்கொண்டு தூங்குபவள் நான். அவர் எழுந்ததும் அதைப் போட்டுக் கேட்கவைத்தேன்.

"நாளைக்கு வேன் எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட போவோம்."

"புள்ளைங்களுக்குப் பரீட்சை. போகாட்டி அம்மாமாரு ஏச மாட்டாங்களா?"

மறுநாள் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பாதையைப் பார்க்கவில்லை, அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொணதொணவென்று பேச்சுக் கொடுத்தேன், எரிந்து விழுந்தார். சரி என்று கொஞ்சம் வாயை மூடினேன். மாத்தளைக்குள் நுழையும் இடத்தில், முன்னால் போன மரக்கறி லொறி நின்றுவிட்டது. எங்கள் வேன் போய்க்கொண்டே இருந்தது. அவர் கண் மூடியிருந்தது.

"ஏங்க!"

நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். லொறிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. பின்னால் பிள்ளைகள் அழுதார்கள், அதில் என் மகளின் குரலும் கேட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஓரமாக நிறுத்திச் சாவியை அவரே என் கையில் வைத்தார்.

"நான் தூங்கினதே எனக்குத் தெரியல்லை" என்றார்.

பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சொன்னார், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாம். போன் பார்த்துத் தூக்கத்தைக் குறைத்தது போதாதென்று, தூங்கிய நேரமும் அவர் தூங்கவே இல்லை. போனைத் திட்டித் திட்டியே நான் நோயைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். சிகிச்சை தொடங்கி, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை வேனை என் கணவரின் தம்பி ஓட்டினார்.

இப்போது மூக்கில் மாட்டும் ஒரு மெஷினோடு தூங்குகிறார், குறட்டை இல்லை. போன் முன்னறையில் கிடக்கிறது. ஆனாலும் வீடு அமைதியாகிவிட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. கையை நீட்டி, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.