மூன்றரை வினாடி

புஜைராவில் ஒரு தேநீர்க் கடை வாசல். யாருடைய வண்டியோ நிற்கிறது. அதன் பின்சக்கரத்தருகே குந்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டயரில் பொறித்திருக்கும் நான்கு எண்களைப் படித்துக்கொண்டிருக்கிறார் சேதுமாதவன். முதல் இரண்டு எண்கள் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வண்டிக்குச் சொந்தக்காரரான பெஷாவர்க்காரர் தேநீரோடு வந்து, "க்யா ஹுவா, பாய்?" என்று கேட்கிறார். சேதுமாதவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் வாழ்நாள் இந்தியையெல்லாம் திரட்டிச் சொல்கிறார்:

"டயர் புரானா ஹை, பாய். அஞ்சு வருஷம் ஆச்சுங். இந்த வெயிலுக்கு ஆகாது. ஜல்தி மாத்திருங்க."

ஐம்பத்து மூன்று வயது. கோயம்புத்தூர்க்காரர். வளைகுடாவுக்கு வந்து இருபத்து நான்கு ஆண்டுகள். எண்ணெய்க் கிடங்கு ஒன்றில், மாடி வீட்டு உயரத் தொட்டிகளின் அளவுமானிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு மானி காட்டுவதை இன்னொன்றால் சோதிப்பார். இரண்டிலும் நம்பிக்கை வராமல் தானே உச்சிக்கு ஏறி நாடாவை இறக்கி அளப்பார். இந்தக் குணம் வேலை முடிந்து சீருடையைக் கழற்றும்போது கூடவே கழன்று விழுவதில்லை. ஒருமுறை வாஷிங் மெஷின் வாங்க ஒன்பது மாதம் விசாரித்தார். முடிவெடுத்துக் கடைக்குப் போன அன்று அந்த மாடலே நின்றுபோயிருந்தது. "நல்லவேளை. அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காம திண்டாடியிருப்போமுங்" என்று அதையும் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். உடன் வேலை செய்யும் தமிழர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'விசாரணைக் கமிஷன்'. அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அவர் மனைவி ஜலஜா இந்தியப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். சென்ற ஆண்டுவரை பள்ளிப் பேருந்தில் போய் வந்தாள். சேதுமாதவனுக்கும் கம்பெனி பஸ் உண்டு. ஆகவே அப்போது வீட்டுக் காருக்குப் பெரிய வேலை வாரத்தில் ஒரு நாள்தான்: சனிக்கிழமை காலை மலைச் சாலையைக் கடந்து துபாய் போய், அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் சம்யுக்தாவுக்குச் சாம்பார்ப் பொடியும் அறிவுரையும் கொடுத்துவிட்டுத் திரும்புவது. ஓட்டியது எப்போதும் சேதுமாதவன். ஜலஜாவிடமும் உரிமம் இருக்கிறது. ஐந்தாவது தேர்வில் வாங்கியது. பதினோரு ஆண்டுகளில் அவள் நான்கு முறை ஓட்டியிருந்தாள், நான்கும் சூப்பர் மார்க்கெட் வரைக்கும். பக்கத்து இருக்கையில் கணவர் தந்த நேர்முக வர்ணனையைக் கேட்ட பிறகு ஐந்தாவது முறைக்கு ஆசை வரவில்லை.

சென்ற ஆண்டு அவர்களுடைய பதினான்கு வயதுக் கார் வருடாந்தரச் சோதனையில் தோற்றது. வண்டியின் அடியில் விளக்கடித்துப் பார்த்த பரிசோதகர் இரண்டே சொற்களில் தீர்ப்பை முடித்தார்: "மாஃபி ஃபாயிதா." இனிப் பயனில்லை. மாதக் கடைசியில் அதன் பதிவு முடிகிறது. விசாரணைக் கமிஷனுக்குக் கிடைத்த அவகாசம் மூன்றே வாரம்.

மின்சாரக் கார் வாங்குவது என்பதை மட்டும் ஆச்சரியமாக ஒரே வாரத்தில் முடிவு செய்தார். "எண்ணெய்ல சம்பளம் வாங்கித் தின்னுட்டு கரண்ட்டுக் காரா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேணாமா சார்?" என்று கன்ட்ரோல் ரூம் வைரவன் கேட்டபோது, "தெனமும் அதையே மோந்துட்டு இருக்கனல்லப்பா, லீவு நாள்லயும் மோக்கணுமா?" என்றார்.

துபாய் ஷோரூமில் இருந்த விற்பனைப் பெண்ணின் பெயர் ஹிஃப்ஸா. இலங்கையில் கல்முனைப் பக்கத்துப் பெண். தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் சேதுமாதவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விசாரிக்க வந்தவருக்கு மொழியும் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்.

அவர் பார்க்க வந்தது வெள்ளைக் கார். அந்த ஆண்டின் மாடல், வரிசையிலேயே அடிப்படையானது. ஒரே மோட்டார். பேட்டரி மட்டும் புதுவகை. ஒரு முறை மின்னேற்றினால் துபாய்க்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம். துணி இருக்கை, மெத்தென்ற ஓட்டம். எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லும் கார்.

மூலையில் ஒரு சிவப்புக் கார் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. இரண்டு மோட்டார். தரையோடு பதுங்கிய உடம்பு, பெரிய சக்கரம், ரப்பர் வளையல் மாட்டியது போல ஒல்லி டயர். விற்காமல் தங்கிவிட்டதால் விலையைக் குறைத்துக் குறைத்து வெள்ளைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மாதக் கடைசிவரைதான் அந்த விலை.

"இது நிண்ட இடத்துல இருந்து நூறைத் தொட மூண்டரை செக்கன் சேர்" என்றாள் ஹிஃப்ஸா.

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்" என்றார் சேதுமாதவன். சொல்லிக்கொண்டே சிவப்புக் காரை மூன்று முறை வலம் வந்தார். கூட வந்திருந்த ஜலஜா அதை எண்ணினாள்.

அடுத்த பத்து நாள் புஜைராவில் அவர் கருத்துக் கேட்காத தமிழரில்லை. வெள்ளையை வாங்கச் சொன்னவரிடம் வெள்ளையின் குறைகளைச் சொன்னார். சிவப்பை வாங்கச் சொன்னவரிடம் ஒல்லி டயரின் ஆபத்துகளை விளக்கினார். தொட்டி சுத்தம் செய்யும் குழுவிலிருக்கும் ராமநாதபுரத்துக் கார்மேகத்தையும் விடவில்லை. கார்மேகம் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சார், வெள்ளைய வாங்குங்கண்டு சொன்னேன், மூஞ்சி தொங்கிப்போச்சு. செவப்ப வாங்குங்கண்டு சொன்னேன், சண்டைக்கி வாரீக. ஆனா சிரிச்சுக்கிட்டே சண்டைக்கி வாரீக. எங்கிட்ட என்னத்தக் கேக்குறீக?"

சேதுமாதவன் தொட்டியின் ஏணியில் ஏறிப் போனார். அன்றைக்கு அந்தத் தொட்டியை அளக்க வேண்டிய முறையே இல்லை.

இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் வாங்கியதெல்லாம் சரியான பொருள்கள். சரியான கட்டில், சரியான ஃப்ரிட்ஜ், வெயிலில் சூடேறாத சரியான வெள்ளை நிறம். அவற்றில் ஒன்றாவது அவருக்குப் பிடித்து வாங்கியதா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது, மகள் கல்லூரிக்குப் போய்விட்ட வயதில், ஒரு சிவப்பு வண்டி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை சிவப்புக் காரில் வெள்ளோட்டம். ஹிஃப்ஸா பக்கத்தில், ஜலஜா பின் இருக்கையில். நெடுஞ்சாலையில் ஏறும் வழி காலியாக இருந்தது. "இப்ப முழுசா மிதிங்க சேர். பயப்பட வேணாம்." சேதுமாதவன் பிஸ்மில்லா சொல்வது போல முருகனைக் கூப்பிட்டுவிட்டு மிதித்தார்.

சத்தமே இல்லை. அவர் முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். வயிறு பின்னால் எங்கேயோ தங்கிவிட்டது. கண்ணாடி மூக்கிலிருந்து ஏறிப் புருவத்தில் உட்கார்ந்தது. பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. விக்கலும் கேவலும் கலந்த, மூச்சு முட்டிய சிரிப்பு. இருபத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் ஜலஜா கேட்டிராத சத்தம் அது. அவள் சற்றுப் பயந்தே போனாள்.

வேகத்தைக் குறைத்து, தொண்டையைச் செருமி, அவர் தீர்ப்பை அறிவித்தார்: "ஓவர்டேக் பண்றப்ப உபயோகமா இருக்குமுங். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"செவப்பையே எடுத்துக்கலாமுங்" என்றாள் ஜலஜா, பின்னாலிருந்து. "எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

"ஞாயிறு பின்னேரம் வரைக்கும் வீட்ட கொண்டு போய்ப் பாருங்களேன்" என்று சாவியையும் கொடுத்துவிட்டாள் ஹிஃப்ஸா.

புஜைரா திரும்பும் வழி முழுக்க அவர் முணுமுணுப்பாய்ப் பாடினார். அவர்கள் குடியிருப்புச் சந்தில் ஏழு வேகத்தடைகள் உண்டு. முதல் தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பக்கத்தில் மெல்லிய மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாவதில் திரும்பிப் பார்த்தார். ஜலஜாவின் கை கதவுக்கு மேலிருந்த பிடியை இறுகப் பற்றியிருந்தது, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இரண்டு வருடமாக அவளுக்கு முதுகெலும்பு டிஸ்க்கில் கோளாறு. வீடு வந்ததும் இரண்டு கால்களையும் வெளியே வைத்து, கதவைப் பிடித்து, ஒரு கணம் நின்று, பிறகு எழுந்தாள்.

"என்னம்மிணி, வலிக்குதா?"

"கெணத்துல இருந்து ஏறி வர்ற மாதிரி இருக்குதுங். அவ்வளவுதான். வண்டி நல்லாருக்குது."

அன்று மாலை அவள் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்தார். ஒரு மணி நேரம், அது நேற்றே நின்று நின்று பாடம் நடத்தியதால் வந்த வலி என்று தனக்குத்தானே வாதாடினார். நல்ல வாதம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லும் மானிகளைப் பார்த்த மனிதர், தன்னுடையதை மட்டும் எத்தனை நேரம் நம்புவார்?

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை அவளிடம் நீட்டினார். "அம்மிணி, இன்னைக்கு நீ ஓட்டு. நான் அந்தப் பக்கம் உக்காந்து பாக்கறேன்."

ஜலஜா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பக்கவாட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். இருக்கை உயர்ந்தது, முன்னால் வந்தது. கடைசிப் பொத்தானுக்கு, சாய்மானத்திலிருந்து ஏதோ புடைத்து வந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டது. "அட" என்றாள். பக்கத்து இருக்கையில் அந்தப் பொத்தான் இல்லை.

முதல் வேகத்தடையிலேயே சேதுமாதவனின் தண்டுவடம் தனக்கு எத்தனை எலும்புகள் என்று அவருக்கு எண்ணிக் காட்டியது. "அய்யய்யோ! மெதுவா!"

"மெதுவாத்தானுங் போறேன்."

மூன்றாவது தடைக்கு அவர் கையும் மேலே இருந்த பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஏழாவது முடிந்தபோது அவருக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைதான். முடிந்தது. கலாஸ். அதைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் வண்டி கடற்கரைச் சாலையில் ஏறியது. சாலை காலியாக இருந்தது. ஜலஜா மிதித்தாள்.

அவள் சிரிக்கவில்லை, சத்தம் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கரும்பலகையில் கடினமான கணக்கு ஒன்று தானாக அவிழ்ந்து வருவதைப் பார்ப்பவள் போல முன்னால் பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் இறங்கவில்லை.

மாலை ஷோரூமில் சேதுமாதவன் முந்திக்கொண்டார். வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த பொய் அது. "வெள்ளையே போடுங்கம்மா. செவப்பு இந்த வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துரும்னு சொல்றாங்க."

"செவப்புத்தானுங்" என்றாள் ஜலஜா.

"உன்ற முதுகுக்கு ஆகாதும்மிணி."

"என்ற முதுகுக்காக விட்டுக்கொடுக்கறீங்கன்னு தெரியும். அதுக்காகச் சொல்லலீங்."

ஹிஃப்ஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேர், மேடம், ஒண்டு மட்டும் கேக்கிறன். வாகனத்தை யார் ஓட்டப் போறது?"

இத்தனை பேரை விசாரித்ததில் இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"நானுங்" என்றாள் ஜலஜா. சொன்ன பிறகு அவளுக்கே அது புதிதாக இருந்தது. "அந்த சீட்டுல உக்காந்தா எனக்கு வலிக்கலீங். காத்தால அத்தன தூரம் ஓட்டுனனே, வலிக்கவே இல்ல."

"அப்ப நானு?"

"நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க. உங்க முதுகு நல்லாத்தான இருக்குது?"

சேதுமாதவன் சிவப்புக் காரைப் பார்த்தார். அது அவருக்குக் கிடைக்கவும் போகிறது, கிடைக்காமலும் போகிறது. வழக்கமாக இந்த இடத்தில் "விசாரிச்சுக்கலாமுங்" என்பார். அதற்காக வாய் குவியவும் செய்தது. வெளியே வந்தது வேறு: "சரி அம்மிணி. பேனா குடுங்கம்மா."

இப்போது கிடங்கில் வைரவன் வம்பிழுக்கிறார்: "என்ன சார், ரேஸ் காரு வாங்கி டிரைவர் போட்டுட்டீங்களாமே?" சேதுமாதவன் கோபப்படுவதில்லை. "நான் தாலி கட்டுன டிரைவரப்பா. கேள்வி கேட்டா எறக்கி விட்டுருவாங்க" என்கிறார். ஜலஜா பள்ளிக்கும் அதிலேயே போகிறாள். பத்தாம் வகுப்புப் பையன்களிடம் அவளுக்கு இருந்த மரியாதை திடீரென்று உயர்ந்துவிட்டது. காரணம் அல்ஜீப்ரா அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலைகளில் மலைச் சாலையில் அவர்களைப் பார்க்கலாம். இடுப்புக்கு ஒரு திண்டு, மடியில் சாம்பார்ப் பொடி டப்பா, சேதுமாதவன் பக்கத்து இருக்கையில். முன்னால் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். ஜலஜா கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு, முந்திச் செல்வதற்கான இடது தடத்துக்கு மாறுவாள்.

"அவசரமில்ல அம்மிணி. மெதுவா. மெதுவாப் போலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் லாரி பின்னால் போகும், இரண்டாவது போகும். "மெதுவா, மெதுவா..." டப்பாவை இரண்டு கைகளாலும் அணைத்தபடி, தரைவிரிப்பில் இல்லாத ஆக்ஸிலரேட்டரை அவர் வலது கால் அடிவரை மிதித்துக்கொண்டிருக்கும்.